அத்தைக்கு எந்த மாநிலம்?

வேங்கிக்காலில் வீடு கட்டியவனுக்குக் கார்த்திகை மாதத்தில் உறவினர்கள் தானாக முளைப்பார்கள். தீபத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே போன் வரும். "சும்மாதான் கூப்பிட்டேன்... எப்படி இருக்கே? உங்க வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து தீபம் தெரியும்ல?" தெரியும் சார். 2668 அடி உயர மலை, பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். அந்த ஒரே குற்றத்துக்காக வருஷா வருஷம் இருபது பேருக்கு இட்லி மாவு அரைக்கிறாள் என் மனைவி.

இந்தத் தடவை வந்தவர்களில் முக்கியமானவர் என் அத்தை. அப்பாவின் அக்கா. வயது எண்பத்தைந்து. ஊர் சத்தியவேடு. கூடவே அவர் பேரனும், பேரனுக்குப் பிள்ளையும். பேரன் டெக்ஸாஸில் சாஃப்ட்வேர். அவன் என்னை 'மாமா' என்கிறான், சரி. அவன் பிள்ளை, பதினோரு வயசு, முறைப்படி 'தாத்தா' என்கிறான். எனக்கு ஐம்பதுதான் ஆகிறது. அலுவலகத்தில் இன்னும் என்னை 'தம்பி' என்று கூப்பிடும் சூப்பரிண்டென்டென்ட் ஒருவர் இருக்கிறார் என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்கிறேன்.

பையன் கையில் ஒரு பெரிய அட்டை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டதற்குத் தண்டனையாக டீச்சர் வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார். 'உன் குடும்பத்தின் மாநிலம்.' இடது பாதியில் டெக்ஸாஸ். வலது பாதியில் கொள்ளுப்பாட்டியின் மாநிலம். கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பெயர், தலைநகர், பறவை, பூ, மரம், வரலாறு, மக்கள், தொழில்.

இடது பாதியை விமானத்திலேயே முடித்துவிட்டான். பறவை மாக்கிங்பேர்டு. பூ புளூபானெட். மரம் பீக்கன் என்று ஒரு கொட்டை மரம். பூவை 1901-லேயே சட்டம் போட்டு முடிவு பண்ணிவிட்டார்களாம். அதோடு விட்டார்களா? சாப்பாட்டுக்கும் சட்டம். 1977-ல் 'சில்லி' என்கிற காரமான மாட்டிறைச்சிக் குழம்பை மாநில உணவாக அறிவித்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சாம்பார் கட்சி, வத்தக்குழம்பு கட்சி, பிரியாணி கட்சி. பிரியாணிக்குள்ளேயே ஆம்பூரா திண்டுக்கல்லா என்று உட்பூசல். வேண்டாம் சாமி.

"தாத்தா, உங்க ஸ்டேட் பறவை என்ன?"

"மயில்" என்றேன், அரசு ஊழியனுக்கே உரிய கம்பீரத்தோடு.

"அது தேசியப் பறவை" என்றான் பொடியன்.

நான் மாலை டீக்கடைக்குப் போனேன். அங்கே எப்போதும் நாலு பேர் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். குரூப்-4 பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுதப்போகிற ஒரு தம்பி, டீயை உறிஞ்சிக்கொண்டே ஒப்பித்தான்: "பறவை மரகதப்புறா. விலங்கு வரையாடு. பூ செங்காந்தள். மரம் பனை. பழம் பலா. விளையாட்டு கபடி. பட்டாம்பூச்சி தமிழ் மறவன், 2019-ல அறிவிச்சது. நடனம் பரதநாட்டியம். சின்னத்தில இருக்கிற கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர். வேற ஏதாவது வேணுமாண்ணா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனையும் தெரிந்தவன் வேலை தேடுகிறான். ஒன்றும் தெரியாத நான் மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறேன்.

கோபுர விஷயத்தில் திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. எங்கள் ராஜகோபுரமும் 11 நிலைதான். 217 அடி. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. அதை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்தார்களே என்று பேசிக்கொள்வோம். 1949-ல் சின்னத்தை வரைந்தவர் ஓவியர் கிருஷ்ணாராவ். ஆனால் ஒன்று பாருங்கள், எங்கள் கோபுரத்தை ஆரம்பித்த அதே கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஒரு பெருங்காவியம் எழுதினார், 'ஆமுக்தமால்யதா' என்று. கதாநாயகி யார் தெரியுமோ? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்! தமிழ்ப் பெண்ணைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ராஜா கட்ட ஆரம்பித்த கோபுரத்துக்குக் கீழேதான் நாங்கள் தமிழில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அத்தை கதைக்கு இது பொருத்தமான முன்னுரை.

சின்னங்களை அத்தையிடம் படித்துக் காட்டினேன். செங்காந்தள் என்றதும் புரியவில்லை. படம் காட்டினேன். "இதா? கண்வலிக் கிழங்குப் பூடா! எங்க வேலி ஓரம் கெடக்கும். ஆடு கடிச்சா அவ்ளோதான்" என்றார். நிஜம்தான். தீ நாக்கு மாதிரி அழகான பூ, கிழங்கு விஷம். திண்டுக்கல், கரூர் பக்கம் அதையே பயிராக்கி, விதையிலிருந்து எடுக்கிற கோல்ச்சிசின் என்ற மருந்துச் சரக்குக்காக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கீல்வாதத்துக்கு ஒரு வகை மருந்து. புளூபானெட்டை யாரும் ஏற்றுமதி செய்வதாகத் தெரியவில்லை. அங்கே நாம் ஒரு பாயின்ட் முன்னால்.

வரையாடு பாவம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பாறைகளில் மட்டும் இருக்கிற பிராணி. தமிழக அரசு 2024-ல் எண்ணிப் பார்த்ததில் 1031. அடுத்த வருஷம் 1303 என்றார்கள். பனைமரம் ஊர் முழுக்க இருந்தது. செங்கல் சூளைக்கு நிறையப் போயிற்று. 2021-ல் வந்த வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள்.

பையன் சுறுசுறுப்பாக வரைந்துகொண்டே வந்தான். பறவைக்குப் பச்சை அடித்தான், பூவுக்குச் சிவப்பு அடித்தான். கடைசியில்தான் முதல் கட்டத்துக்கு வந்தான். மாநிலத்தின் பெயர்.

"டாடி, பாட்டியோட ஸ்டேட் தமிழ்நாடா, ஆந்திராவா?"

கூடத்தில் ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அத்தை வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பூர்வீகம் ஊத்துக்கோட்டைப் பக்கம். அப்பா வேலை கிடைத்துத் திருவண்ணாமலைக்கு வந்தது பின்னால். அத்தையை 1958-ல் பத்து மைல் தள்ளி சத்தியவேட்டில் கொடுத்தார்கள். இரண்டு ஊருமே அப்போது சென்னை ராஜ்யம், செங்கல்பட்டு ஜில்லா. கல்யாணத்துக்கு மாட்டு வண்டியில் போனார்களாம். இரண்டு வருஷம் கழித்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி காலையில் அத்தை வாசல் தெளித்துக் கோலம் போட்டபோது, அந்த வாசல் ஆந்திராவில் இருந்தது.

"ஏப்ரல் பூல்னு நெனச்சோம்டா" என்பார் அத்தை. முதல் தடவை கேட்டபோது நான் சிரித்தேன்.

இதன் பின்னால் பெரிய கதை. சென்னை மாகாணத்திலிருந்து தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று சென்னையில், மயிலாப்பூரில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1-ல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுசாக அங்கே போயிற்று. சித்தூர் என்றால் யாரோ எவரோ இல்லை. எங்கள் வடஆற்காட்டுக்கு 1911 வரை தலைநகரமே சித்தூர்தான்! திருத்தணியும் போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது, ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் படாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராகப் போட்டு, அவர் சொன்னபடி 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் நம்மிடம் திரும்பின.

திருத்தணி வந்தது என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் கடையில் சில்லறை மாற்றுகிற மாதிரி, பதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொடுத்ததை எத்தனை பேர் படித்தோம்? அந்தச் சில்லறையில் சத்தியவேடு ஒன்று. என் அத்தை இன்னொன்று.

தெற்கே வேறு கதை. கன்னியாகுமரித் தமிழர்கள் நேசமணி தலைமையில் போராடினார்கள், 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, 1956 நவம்பர் 1-ல் குமரி நம்மோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு நின்றன. அதே 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் என்று அறுபதைத் தாண்டிய ஒரு தியாகி, மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வை என்பது உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளோடு ஜூலை 27-ல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். இரண்டரை மாசம். அக்டோபர் 13-ல் மதுரையில் இறந்துபோனார். அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகவில்லை, புது வரைபடம் வந்தது. பெயர் மட்டும் பழைய மெட்ராஸ்தான். 1967 ஜூலை 18-ல் அண்ணா சட்டசபையில் பெயர் மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாரும் ஆதரித்தார்கள். 'தமிழ்நாடு வாழ்க' என்று சபையை மூன்று தடவை சொல்ல வைத்தார். 1969 ஜனவரி 14, பொங்கலன்று, பெயர் அமலுக்கு வந்தது. பிப்ரவரி 3-ம் தேதி அண்ணா இல்லை.

(தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ என்று டீக்கடைத் தம்பியைக் கேட்டேன். 2019-ல் நவம்பர் 1 என்று கொண்டாடினார்கள், 2021-ல் ஜூலை 18 என்று அறிவித்தார்கள். "கேள்வித்தாள்ல எந்த வருஷத்து அரசாணைன்னு பார்த்துதாண்ணா டிக் அடிக்கணும்" என்றான். இவன் பாஸாகிவிடுவான்.)

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தை சத்தியவேட்டுக்குப் போனது 1958. ஊர் ஆந்திராவானது 1960. தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969. வாய் நிறையத் தமிழ் பேசுகிற, தமிழில் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த என் அத்தை, தமிழ்நாடு என்ற மாநிலத்தில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. விருந்தாளியாக வந்துபோனதோடு சரி.

மாமாவுக்கு நாலு ஏக்கர் நிலம். விட்டுவிட்டு எங்கே வருவார்? இருந்துவிட்டார். நிலத்தின் பழைய பத்திரங்கள் தமிழில். 1960-க்கப்புறம் வந்ததெல்லாம் தெலுங்கில். பங்காளியோடு ஒரு வரப்புத் தகராறு வந்தபோது, ஒரு வக்கீலுக்கு மூலப் பத்திரம் படிக்கத் தெரியவில்லை, இன்னொரு வக்கீலுக்குக் கடைசிப் பத்திரம் படிக்கத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் படிக்கத் தெரிந்த ஒரு கிழவரைத் தேடிப் பிடிப்பதற்குள் வரப்பு அரை முழம் நகர்ந்துவிட்டது. முப்பது வயசுக்கு மேல் மாமா, மூத்த மகனின் ஒண்ணாம் கிளாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு அ, ஆ என்று தெலுங்கு கற்றார். "அப்பனும் புள்ளையும் ஒரே சிலேட்டுல எழுதுனாங்க" என்று அத்தை சொல்வார்.

அந்த மகன், என் அத்தான், தமிழ் பேசுவார், தெலுங்கில் எழுதுவார். அவர் மகன் டெக்ஸாஸ்காரன் இரண்டும் பேசுவான், இங்கிலீஷில் எழுதுவான். அவன் மகனுக்குத் தமிழும் தெலுங்கும் கலந்து நாற்பது வார்த்தை தெரியும். அதில் பாதி சாப்பாட்டுச் சாமான். அத்தை எங்களுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்கள் இன்னும் அப்பாவின் பெட்டியில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க அத்தையின் சொந்தப் பேரனுக்கே நான் வேண்டும்.

அந்த லெட்டர்களில் எங்கள் முகவரியைப் பார்த்தாலே மாநில வரலாறு தெரியும். முதலில் வடஆற்காடு மாவட்டம். 1989-க்குப் பிறகு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், பின்கோடு எழுத இடமில்லாமல். 1997-ல் தலைவர்கள், அரசர்கள் பெயரெல்லாம் எடுத்தபோது சம்புவராயரும் போனார். மிச்சமிருந்த வேலூரை 2019-ல் மூன்றாக்கினார்கள். மொத்தம் இன்றைக்கு 38 மாவட்டம். அத்தையும் சும்மா இல்லை. செங்கல்பட்டில் ஆரம்பித்து, சித்தூர் ஆகி, 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். வீடு நகரவில்லை, ஜன்னல்கூட மாற்றவில்லை.

"எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான்" என்றான் பையன் திடீரென்று. சான் அன்டோனியோக்காரன். அவன் முன்னோர்கள் மெக்ஸிகோ காலத்திலிருந்து அதே ஊரில் இருக்கிறார்களாம். 1836-ல் டெக்ஸாஸ் சண்டை போட்டுத் தனிக் குடியரசானது, 1845-ல் அமெரிக்காவில் சேர்ந்தது, 1861-ல் பிரிந்துபோய் உள்நாட்டுப் போருக்குப் பின் திரும்ப வந்தது. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாம் சேர்த்து ஆறு கொடி அந்த மண்ணில் பறந்ததாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம். 'அலமோ' என்று ஒரு கோட்டைச் சண்டை அவர்களுக்குப் பிராணன். விட்டுக்கொடுக்க முடியுமா? எங்கள் மாவட்டத்து வந்தவாசியைச் சொன்னேன். 1760 ஜனவரியில் அங்கே இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனை ஜெயித்ததால்தான், இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி வரும் கனவு முடிந்தது. இல்லாவிட்டால் நானும் 'போன்ஜூர்' சொல்லிக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போயிருப்பேன்.

மக்கள், தொழில் கட்டம் வந்தது. டெக்ஸாஸ் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. ஜனத்தொகை 2020-ல் 2 கோடியே 91 லட்சம். நாம் 2011 கணக்குப்படியே 7 கோடியே 21 லட்சம். "இவ்ளோ பேர் எங்க நிக்கிறாங்க?" என்று கேட்டான். கிரிவலத்தன்று காட்டுகிறேன் என்றேன்.

அவர்களுக்கு 1901-ல் ஸ்பிண்டில்டாப் என்ற இடத்தில் பூமியைப் பீய்ச்சிக்கொண்டு எண்ணெய் வந்தது, அதிலேயே வாழ்ந்துவிட்டார்கள். நமக்கு அப்படி எதுவும் பீய்ச்சவில்லை. திருப்பூரில் பனியன், கோயம்புத்தூரில் பம்பு செட், சிவகாசியில் பட்டாசு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார், ஆரணியில் பட்டு என்று கையால் செய்தே பிழைத்தோம். நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. மாநிலப் பொருளாதாரங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஆனால் எங்கள் மாவட்டம் நிலக்கடலையும் நெல்லும்தான். செய்யாறு சிப்காட் வந்து ஷூ கம்பெனியில் பெண்களுக்கு வேலை கிடைத்ததே பெரிய மாற்றம். மற்றபடி ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கத்திலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1960-ல் நாம் கொடுத்த சத்தியவேட்டில்தான் 2008-ல் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் வந்தது. சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர். ஜப்பான் கம்பெனிகள், கார் தொழிற்சாலை எல்லாம் இருக்கிறது. ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பையன்கள் இன்று பைக்கில் எல்லை தாண்டி அங்கே வேலைக்குப் போகிறார்கள். கல்யாணத்துக்கு மாட்டு வண்டி போன அதே பக்கம்தான். அத்தை வீட்டு நாலு ஏக்கரில் இரண்டு, நல்ல விலை வந்தபோது கைமாறியது. அந்தக் காசில்தான் பேரன் டெக்ஸாஸில் படித்தான்.

பெயர்க் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. பேரன் 'ஆந்திரப் பிரதேஷ்' என்றான். ஆதாரில் அதுதானே இருக்கிறது! ஆனால் அப்படி எழுதினால் பறவையை அழித்துக் கிளி போட வேண்டும்; 2018-ல் ஆந்திர அரசு அறிவித்தது கிளி. பூவும் மல்லிகை. பையன் அழித்து வரையத் தயாராக இல்லை. நான் 'தமிழ்நாடு' என்றேன். "பாட்டி அங்க இருந்ததே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

அத்தை எழுந்து போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். எங்கே போனாலும் அது கூட வரும். அடியிலிருந்து மஞ்சளேறிய ஒரு காகிதம். அவர் எட்டாம் வகுப்பு முடித்த சர்டிபிகேட். அவர் பெயரில் உள்ள ஒரே படிப்புக் காகிதம். தலைப்பில் இங்கிலீஷில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று அச்சடித்திருந்தது.

"இதப் பார்த்து எழுதிக்கடா கண்ணு" என்றார்.

பையன் எழுத்து எழுத்தாகப் பார்த்து, பெரிசாக எழுதினான்.

தீபம் முடிந்தது. எல்லாரும் கிளம்பினார்கள். அத்தை மட்டும் இன்னும் பத்து நாள் இருக்கிறேன் என்று தங்கினார். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு டெக்ஸாஸிலிருந்து வாட்ஸ்அப்பில் அட்டையின் போட்டோ வந்தது. படங்களுக்கெல்லாம் டீச்சர் நட்சத்திரம் போட்டிருந்தார். பெயர்க் கட்டத்தில் மட்டும் சிவப்பு வட்டம்: 'இந்தியாவில் இப்படி ஒரு மாநிலம் இல்லை. சரிபார்க்கவும்.'

அத்தை தூங்கவில்லை. மாடி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டோவைக் காட்டி, டீச்சர் எழுதியதைத் தமிழில் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எவ்ளோ மார்க் கொறச்சிட்டாங்களாம்?" என்று கேட்டார்.